இடது கதவில் ஒரு சத்தம்

“டிக்கெட், டிக்கெட். அன்னூர்ல ஏறினவங்க யாராச்சும் பாக்கி இருக்கா, சில்லறையா எடுங்க, ஐந்நூறை நீட்டாதீங்க, நான் என்ன பேங்க்கா நடத்தறேன்.”

பைக்குள்ள கையை விட்டுட்டீங்களேங்ணா. கண்டக்டர் அங்க முன்படியில நின்னு வெங்காய மூட்டைக்காரர்கூட சண்டை போட்டுட்டு இருக்காரு. இது நான். பின்சீட்டு அம்மாகூட பர்ஸைத் திறந்துட்டாங்க, பாருங்க. கோவிச்சுக்காதீங்க. வேணும்னு பண்றதில்லை. ஒரு குரலைக் கேட்டா அரை மணி நேரத்துல அது எனக்குள்ள வந்து உக்காந்துக்கும். வெளிய இறக்கி விடலைன்னா தொண்டையெல்லாம் நமநமங்கும்.

நான் ஜன்னலோரம் மாறிக்கட்டுங்களா? வேண்டாம், நீங்களே இருங்க. இல்ல, குடுங்க. காத்து வந்தாத் தேவலை. ரொம்ப நன்றிங்ணா.

புதுக் கயிறு வெச்சிருக்கீங்க. புளியம்பட்டி சந்தைக்கா? எருமையா, பசுவா? எருமைன்னா கொஞ்சம் பாத்து வாங்குங்க, எருமை குரலும் எனக்கு வரும், விக்கிறவன் பின்னால நின்னு நானே கத்திடுவேன். சும்மா சொன்னேன். நானும் புளியம்பட்டிதான். டிக்கெட்டைப் பாருங்க. போன வாரமும் புளியம்பட்டிக்குத்தான் எடுத்தேன். அதுக்கு முந்தின வாரமும். அதை அப்புறம் சொல்றேன்.

முதல்ல நீங்க ஒண்ணு சொல்லுங்க. ஒரு விளையாட்டுக்கு மனுசன் எத்தனை நாள் மூஞ்சியைத் திருப்பிக்கலாம்? ஒரு வாரம், சரி. ரெண்டு வாரம், அதுவும் சரி. தாரகேஷ் எங்கூடப் பேசி இன்னிக்கோட இருபத்தி மூணு நாள் ஆச்சுங்ணா. எதிர்ல வந்தா செவுத்தைப் பாத்துட்டுப் போறான். அந்தச் செவுத்துல என்ன இருக்குன்னு நானும் போய்ப் பாத்துட்டேன், ஒண்ணுமில்லை.

நாங்க மூணு பேரு. அனீஸ், தாரகேஷ், நான். நான் மௌலி. தாரகேஷோட மாமா சிங்கப்பூர் போகும்போது ஒரு காரை விட்டுட்டுப் போனாரு. பதினெட்டு வருசப் பழசு, சாம்பல் கலரு, எல்லாப் பக்கமும் உருண்டையா இருக்கும். பேரு பன்னு. பன்னுக்குள்ள பாட்டுச் சாமானெல்லாம் மாட்டிப் போட்டிக்குக் கொண்டு போறதுதான் எங்க தொழில். தொழில்னா சம்பளமெல்லாம் கிடையாது. நானும் தாரகேஷும் பாலிடெக்னிக். ஒயரிங் பூராவும் அவன் கைதான். அனீஸ் படிக்கலை. சுந்தராபுரத்துல ஒரு கடையில காருக்கு சீட் கவர் தைச்சுட்டிருந்தான்.

போட்டி ரெண்டு வகைங்ணா. ஒண்ணு அலறல். கதவைச் சாத்தி, கண்ணாடியில மீட்டரை ஒட்டி, எவன் வண்டி ஜாஸ்தி கத்துதுன்னு பாக்கறது. போன வருசம் அதுக்குப் போனோம். பன்னோட வைப்பர் ஒண்ணு கழண்டு பறந்து ஒருத்தர் டீ கிளாசுல விழுந்தது. அதான் நாங்க வாங்கின பேரு. இன்னொண்ணு சுத்தம். இதுல சத்தம் முக்கியமில்லை. நடுவர் வந்து டிரைவர் சீட்டுல உக்காருவாரு. கதவைச் சாத்துவாரு. கண்ணை மூடுவாரு. பாடற பொம்பளை டேஷ்போர்டுக்கு நட்டநடுவுல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கற மாதிரி அவருக்குக் கேக்கணும். தவில்காரர் வலது கைப்பக்கம்னா வலது கைப்பக்கம். வயலின் இடது ஓரம்னா இடது ஓரம். ஸ்பீக்கர் எங்க இருக்குன்னே தெரியக்கூடாது. ஒரே ஒரு சீட்டுக்காக மொத்தக் காரையும் செய்யறோம். பக்கத்து சீட்டுல உக்காந்தா அந்தப் பொம்பளை உங்க மடியில உக்காந்துதான் பாடுவா. அதைப் பத்தி யாருக்கும் கவலை இல்ல.

இந்த வருசம் சுத்தம்தான்னு அனீஸ் முடிவு பண்ணுனான். அவன் காதுதானே எங்களுக்கு எல்லாம். அது என்ன காதுங்கறீங்க. கடையில நாலு தையல் மிஷின் ஒண்ணா ஓடும். மூணாவது மிஷின்ல ஊசி வளைஞ்சிருக்குன்னு திரும்பிப் பாக்காமச் சொல்லுவான். நான் என்னென்ன குரல்லயோ போன் பண்ணியிருக்கேன். அவங்க அத்தா குரல்ல, “டேய் அனீஸ், கடையில வேலை முடிஞ்சா வர்ற வழியில ரெண்டு பரோட்டா வாங்கிட்டு வாடா, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்,” அப்படின்னு. அவங்க அம்மாவே ஏமாந்துடுவாங்க. அவன் யோசிக்கக்கூட மாட்டான். “சொல்லு மௌலி,” அவ்வளவுதான். கேஸ் கம்பெனிக்காரி குரல்ல பேசினாலும் “சொல்லு மௌலி.” ஊர்ல என்னைக் கண்டுபிடிக்கிற ஒரே ஆள் அவன்தான். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காது. பிடிக்கும்னே வெச்சுக்குங்க.

பெங்களூர்ல ஒருத்தர் இருக்காரு. பெரிய பெரிய காருக்கெல்லாம் சத்தம் சீர் பண்ணிக் குடுக்கற பட்டறை. யாரோ சொல்லி அனீஸ் வேலையைப் பத்திக் கேள்விப்பட்டு, “கோயமுத்தூர் போட்டிக்கு நான் வர்றேன். சுத்தத்துல முதல் மூணு இடத்துக்குள்ள வந்துடு, உன்னைக் கையோட கூட்டிட்டுப் போறேன்” அப்படின்னுட்டாரு. அன்னிக்கு அனீஸ் ரெக்ஸின் தைச்சுத் தைச்சுக் காப்புக் காய்ச்ச விரலை மடக்கி மடக்கிப் பாத்துட்டே இருந்தான்.  ஒரு ஆறு மாசத்துக்கு அவன் பேச்சு பூரா பன்னுதான்.

நம்ம பஸ் ஏங்ணா நிக்குது? ஆளு ஏத்தறாங்களா. சரி.

பழைய காருல ஒரு சங்கடம். பாட்டுப் போட்டா காரும் கூடவே பாடும். கதவுக்குள்ள ஒரு கிளிப்பு தளர்ந்திருந்தாப் போதும், கும்முன்னு அடிச்ச உடனே கிர்ர்ன்னு நடுங்கும். தார் ஷீட் ஒட்டி, ஃபோம் வெச்சு, ஒவ்வொண்ணா அடக்கணும். அதைத் தேடறதுதான் என் வேலை. அனீஸ் டிரைவர் சீட்டுல கண்ணை மூடிட்டு உக்காந்திருப்பான். அவன் தலைக்குப் பக்கத்துல ஒரு சின்ன மைக் நிக்கும், அது லேப்டாப்புக்குப் போகும். ஊஊஊன்னு ஒரு சத்தம் அடியாழத்துல இருந்து மேல ஏறிட்டே வரும். நான் பின்னால குனிஞ்சு உக்காந்து கதவு, கூரை, பின்பலகைன்னு விரலை வெச்சு அழுத்திட்டு வரணும். எங்க அழுத்தினா கிர்ர் நிக்குதோ அங்கதான் கோளாறு. அம்பது அறுபது இடம் அடக்கிட்டோம். ஆடிக் காத்துல ரோட்டு மண்ணெல்லாம் வந்து ஃபோம்ல ஒட்டிக்கும், திரும்பப் பிரிச்சு ஒட்டுவோம். கடைசியா ஒரு நாள் பன்னு வாயை மூடிட்டுது. அடியில இருந்து உச்சி வரைக்கும் சத்தம் ஏறுது, ஒரு நடுக்கம் இல்லை. தாரகேஷ் பானெட்டுக்கு முத்தம் குடுத்தான். அனீஸ் மட்டும், “இன்னொரு தடவை போடு,” அப்படின்னான்.

நான் என்ன பண்றதுங்ணா. பின்னால சும்மா உக்காந்திருக்கேன். அழுத்தறதுக்கு ஒண்ணுமில்லை. கைகால் எல்லாம் துறுதுறுங்குது. நாக்கு நுனியை மேலண்ணத்துல ஒட்டி, உதட்டை மூடி, மூக்கு வழியா. கேளுங்க.

க்ர்ர்ர்ர்.

பின்சீட்டு அம்மா மேல பாக்கறாங்க, பஸ்ஸு கூரை கழண்டுடுச்சோன்னு.

அனீஸ் கண்ணைத் திறந்தான். “இடது கதவு,” அப்படின்னான். என்னைக் கண்டுபிடிக்கலைங்ணா. முதல் தடவையா என்னைக் கண்டுபிடிக்கலை.  அன்னிக்கே “நான்தான்டா”ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள தாரகேஷ் கதவுப் பலகையைக் கழட்ட ஆரம்பிச்சுட்டான். ஆறு ஸ்க்ரூ எடுத்தவன்கிட்டப் போய் எப்படிச் சொல்றது. நாளைக்குச் சொல்லிக்கலாம்.

பதினோரு நாள் பண்ணுனேன். தினமும் இல்லை, நடுநடுவே லீவு விட்டேன். தாரகேஷ் உக்காந்து கேட்டா கம்முன்னு இருப்பேன். அனீஸ் உக்காந்தா க்ர்ர். “எனக்கு ஒண்ணும் கேக்கலையேடா,” தாரகேஷ் சொல்லுவான். “நல்லாக் கேளுடா, அந்த ரெண்டாவது கும்முக்கு அப்புறம்,” இவன் சொல்லுவான். கதவை நாலு தடவை பிரிச்சோம். உள்ள ஒட்டறதுக்கு இடமே இல்லை, ஷீட் மேல ஷீட்டு, கதவு கனத்துப் போய் மூடறப்ப பீரோ மூடற மாதிரி சத்தம் வரும். போட்டிக்கு முந்தின நாள் எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டறதா இருந்தேன். எப்படிச் சிரிப்பாங்கன்னு நினைச்சு நினைச்சு வகுப்புல தனியாச் சிரிச்சு வெளிய நின்னிருக்கேன்.

இதுல ஒண்ணு கவனிங்க. பத்தாவது நாளு நான் ஊர்லயே இல்லை. சித்தி பையனுக்குக் காதுகுத்து, பொள்ளாச்சிக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா தாரகேஷ் சொல்றான், “நேத்து மூணு தடவை கேட்டதுங்கறான்டா.” நான் இல்லாதப்ப எப்படிங்ணா கேக்கும்? பொள்ளாச்சியில இருந்து கத்தினாக் கேக்குமா? அதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும். அதைத்தான் தாரகேஷ்கிட்ட நான் கேட்டேன், அதுக்குத்தான் செவுத்தைப் பாக்கறான்.

அனீஸ் பயந்துட்டான். போன வருசம் அலறல் போட்டிக்குத் திரிஞ்சோமே, அதுல காது கெட்டுப் போச்சுன்னு அவனா முடிவு பண்ணிட்டான். ஒருத்தருக்கும் கேக்காதது எனக்கு மட்டும் கேக்குதுன்னா கோளாறு கதவுல இல்லைன்னுட்டான். காது ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, தாரகேஷும் கூடப் போனான். கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வெச்சு, காதுல மாட்டி, கையில ஒரு பட்டனைக் குடுப்பாங்களாம். சத்தம் கேக்கறப்பெல்லாம் அமுக்கணும். இவன் அமுக்கிட்டே இருந்திருக்கான். டெஸ்ட் பண்ற அம்மா என்ன சொன்னாங்க தெரியுங்களா. இப்படி, மூக்குக் கண்ணாடியை இறக்கிட்டு: “தம்பி... தம்பி, நிறுத்துப்பா. நான் இன்னும் சத்தமே போடலை.”

இதை எங்க கிளாஸ்ல செஞ்சு காட்டினேன், மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சானுங்க. நீங்க ஏன் சிரிக்கலை? சரியா வரலையா? அந்த அம்மாவை நான் நேர்ல பாத்ததில்லை, தாரகேஷ் சொன்னதை வெச்சுத்தான்.

ரிப்போர்ட்ல காது சுத்தமா இருக்குன்னுதான் போட்டிருந்தாங்க. அவன் அதை நம்பலை. இல்லாததுக்குப் பட்டன் அமுக்கினேனே, அது எந்த ரிப்போர்ட்ல வரும்னு கேட்டானாம்.

அப்ப போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம். பன்னைக் கழுவித் துடைச்சு வெச்சிருக்கோம். நான் சொல்லிட்டேன்ங்ணா. சொல்லவே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்றாங்க, நான் சொன்னேன். ரெண்டு பேரையும் எதிர்ல நிக்க வெச்சு, “டேய், அந்த இடது கதவு நான்தான்டா,” அப்படின்னுட்டு, செஞ்சே காட்டினேன். க்ர்ர்ர்ர். ஒரு பிசிறு இல்லாம.

யாரும் சிரிக்கலை.

அனீஸ் தலையைச் சாய்ச்சுக் கேட்டான். “இன்னொரு தடவை பண்ணு.” பண்ணுனேன்.  அப்புறம் கிட்ட வந்து என் தோள் மேல கையைப் போட்டான். “அப்படியே இருக்குடா. நான் சொன்னதை வெச்சே பிடிச்சுட்ட பாரு.” “இல்லடா, நான்தான்டா பண்ணுனது.” “எனக்காகச் சொல்ற. தெரியும். நீ பொள்ளாச்சி போனப்பவும் கேட்டதுடா மௌலி. நல்ல மனசுடா உனக்கு.”

அவன் கண்ணு கலங்கியிருந்தது. தாரகேஷ் வேற, “விடுடா மௌலி, இதையெல்லாம் வெச்சு விளையாடாத,” அப்படின்னான்.

என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. எனக்கு எந்தச் சத்தமும் வரும்னு எல்லாருக்கும் தெரியும். அப்ப அந்தச் சத்தமும் எனக்கு வரும்னு காட்டினா அது என்ன சாட்சி? அதுவுமில்லாம, நல்ல மனசுன்னு என்னை யாரும் சொன்னதில்லைங்ணா. எங்க வீட்டுலயே சொன்னதில்லை. அதைக் கேட்டுட்டு, இல்லவே இல்லைன்னு எப்படி மல்லுக்கு நிக்கிறது. நான் சும்மா இருந்துட்டேன். கொஞ்சம் நல்லாவும் இருந்தது.

அவன் அன்னிக்கு நாங்க போனதுக்கப்புறம் தனியா உக்காந்து சீர் பண்ணினதையெல்லாம் மாத்தியிருக்கான். அந்த கிர்ர் எந்த கும்முக்கு வருமோ அந்த கும்மையே குறைச்சுட்டான். கோளாறு இருக்கற இடத்துக்குப் பாட்டு போகவே கூடாதுன்னு. இருக்கற பல்லை வலிக்கும்னு பிடுங்கற மாதிரி. எங்ககிட்டச் சொல்லலை.

போட்டி அவிநாசி ரோட்டுல, ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்துல. நடுவர் பாலக்காட்டுக்காரரு. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாடி. கதவைச் சாத்திட்டு உள்ள இருபது நிமிசம் இருந்தாரு. அனீஸ் பம்பர்கிட்ட நிக்கறான், அவர் முகத்தைப் பாக்காம டயரைப் பாத்துட்டு. வெளிய வந்து அவர் சொன்னாரு, கேளுங்க, இந்தக் குரல் எனக்கு நல்லா வரும்: “மோனே, குரல் நன்னாயிட்டு நிக்குது. நட்டநடுவுல நிக்குது, கையை நீட்டினா தொடலாம். பக்ஷே தவிலுக்கு ஒரு பக்கம்தான் இருக்கு. அந்தக் கும்முங்கற தொப்பிப் பக்கம் எவிடே? காது உள்ளவன் செய்த வண்டி இது. அவன் எதையோ பேடிச்சு, பயந்துட்டு செய்திருக்கான்.”

ஏழாவது இடம். பெங்களூர்க்காரர் ஈரோட்டுப் பையன் ஒருத்தனோட நின்னு பேசிட்டிருந்தாரு. போகும்போது அனீஸைப் பாத்து, “காதை நல்லாக் கவனிச்சுக்கோப்பா,” அப்படின்னுட்டுப் போனாரு. யாரோ சொல்லியிருக்காங்க அவர்கிட்ட.

நாலே நாள்ல அனீஸ் ஊரைக் காலி பண்ணிட்டான். புளியம்பட்டியில அவனோட மாமு லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை வெச்சிருக்காரு. அங்க வந்துட்டான். தார்ப்பாய்க்குக் காது எதுக்குங்ணா, கையிருந்தாப் போதும்.

எவ்வளவு தூரம் இருக்கு இன்னும்? அதுக்குள்ளயேவா?

நான் சும்மா இருக்கலை. சரி பண்ணணும்னுதான் பாத்தேன். காது டாக்டர் குரல்ல போன் பண்ணுனேன். புது நம்பர்ல இருந்து, இப்படி, தொண்டையைச் செருமிட்டு: “மிஸ்டர் அனீஸ், உங்க ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பாத்தோம். நூத்துல ஒருத்தருக்குத்தான் இப்படிக் காது அமையும். தைரியமா வேலைக்குப் போங்க.” சொல்லிட்டு நிறுத்தினேன். சொல்லு மௌலிம்பான்னு காத்திருந்தேன். எனக்குத் தெரியும், சொல்லுவான். நான் அந்த டாக்டர் குரலைக் கேட்டதே இல்லை, கொஞ்சம் எங்க எச்.ஓ.டி. மாதிரிகூட வந்துடுச்சு. எப்பவும் கண்டுபிடிக்கறவன்தானே.

“சரிங்க டாக்டர். ரொம்ப நன்றிங்க டாக்டர்,” அப்படின்னு வெச்சுட்டான்.

 ஜெயிச்சுட்டேன்தான். அவனை முழுசா ஏமாத்திட்டேன். ஆனா பாருங்க, யார்கிட்டயும் போய்ச் சொல்லணும்னு தோணலை.

அதுலயும் வம்பு. அவங்க அம்மா சந்தோசப்பட்டு ஆஸ்பத்திரிக்கே போயிட்டாங்க, டாக்டருக்கு நன்றி சொல்ல. நாங்க யாரும் பேசலையேன்னு அங்க சொல்லிட்டாங்க. விசயம் தாரகேஷ் காதுக்குப் போச்சு. அவனுக்கு உடனே புரிஞ்சுடுச்சு. காலேஜ் கேட்டுல வந்து என் சட்டையைப் பிடிச்சான்.

“போன் பண்ணது நீதானே?”

“ஆமா.”

“அப்ப அந்தக் கதவும் நெசமாவே நீதானா?”

“அதைத்தானேடா அன்னிக்கே சொன்னேன்.”

அடிப்பான்னு பாத்தேன். அடிக்கலை. அடிச்சிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். “வா,”ன்னு இழுத்துட்டுப் போய் லேப்டாப்பைத் திறந்தான். பதினோரு நாளும் அனீஸ் தலைப் பக்கத்துல ஒரு மைக் நின்னதே, அது எல்லாத்தையும் பதிவு பண்ணி வெச்சிருக்கு. எங்களுக்கு ஞாபகமே இல்லை. ஒவ்வொண்ணா ஓட்டினோம். ஊஊஊன்னு ஏறுது, க்ர்ர். ஏறுது, க்ர்ர். தாரகேஷ் முன்னும் பின்னும் இழுத்து இழுத்துக் கேட்டான். ஒரு இடத்துல நிறுத்தி, என்னைப் பாத்தான்.

“கதவு மூச்சு விடுமாடா?”

இந்தாங்க, என் போன்லயும் ஏத்தி வெச்சிருக்கேன், இந்த இயர்போனை ஒரு காதுல மாட்டுங்க. வலது காதுல. பஸ் இரைச்சல்ல கேக்குதான்னு பாருங்க. அந்த க்ர்ர்ருக்குச் சரியா முன்னால. ‘ஹ்’ அப்படின்னு. இழுக்கற மூச்சு. இருங்க, திரும்பப் போடறேன். கேட்டுச்சா? ஒவ்வொரு க்ர்ர்ருக்கு முன்னாலயும் இருக்கு. நான் பொள்ளாச்சிக்குப் போன நாள் பதிவுல அது இல்லை, க்ர்ர்ரும் இல்லை. யாரு பண்ணினாலும் மூச்சை இழுக்காம அந்தச் சத்தம் வராது. தகரம் மூச்சு இழுக்காது.

என்ன சொன்னீங்க? யாரோ அழப்போற மாதிரி இருக்கா? இல்லைங்ணா, அது சிரிப்பை அடக்கறது. சிரிப்பை அடக்கினா அப்படித்தான் வரும். நானும் முதல்ல கேட்டப்ப யாரோன்னுதான் நினைச்சேன். என் வாயில இருந்து அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதே இல்லை. நல்லாவே இல்லை.

தாரகேஷ் அதைப் பென் டிரைவ்ல ஏத்திக் கையில குடுத்துட்டான். “பதினெட்டு நாள்ல திருச்சூர்ல அடுத்த போட்டி. பெங்களூர்க்காரர் அங்கயும் வர்றாரு. பன்னு ரெடி, நான் ரெடி. அவன் வந்து உக்காந்தாத்தான் உண்டு. நீ போய் இதை அவனுக்குப் போட்டுக் காட்டு. நீ போ. போன்ல இல்லை. வேற எவன் குரல்லயும் இல்லை. அது வரைக்கும் எங்கூடப் பேசாத.” அன்னிக்கிருந்துதான் செவுரு.

பதினெட்டுன்னானா, அந்த நாள் தாண்டிப் போச்சு, ஆனா மழைன்னு போட்டியைத் தள்ளி வெச்சுட்டாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை. இன்னும் மூணு நாளு.

முதல் வாரம் வந்தேன். புளியம்பட்டி வர்றப்ப சரியா ஒரு அம்மா கூடையோட வழியில நின்னுட்டாங்க, இறங்க முடியலை. சத்தியமங்கலம் வரைக்கும் போய், பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஜ்ஜி தின்னுட்டுத் திரும்பிட்டேன். ரெண்டாவது வாரம் கூடை இல்லை. அன்னிக்குத் தூங்கிட்டேன். சரி, தூங்கலை. கண்ணை மூடிட்டு இருந்தேன். சொன்னா அவன் என்ன பண்ணுவாங்கறீங்க? போட்டுக் காட்டினா அவன் காது நல்ல காதுன்னு தெரிஞ்சுடும். அது வரைக்கும் சரி. அதே நிமிசம் நான் யாருன்னும் தெரிஞ்சுடுமே. நல்ல மனசுன்னு தோள்ல கை போட்டானே.

இந்தப் பென் டிரைவை நீங்களே அவன்கிட்டக் குடுத்துட முடியுங்களா? சந்தைக்குப் பக்கத்துலதான் கடை. மௌலி குடுக்கச் சொன்னான்னு வேண்டாம், தாரகேஷ் குடுத்ததுன்னு. இல்லையா. நீங்க எருமை வாங்கப் போகணும். சரிங்ணா. கேட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்.

சந்தைக் கூட்டம். பஸ்ஸு நகராது இனி. மாடு குறுக்க, வேன் குறுக்க. இருங்க, அது எந்தக் கடை. அந்த நீலத் தகரம் போட்ட கொட்டாய், பச்சைத் தார்ப்பாய் தொங்குதே. மிஷினுக்கு முன்னால குனிஞ்சு உக்காந்திருக்கறது, கோடு போட்ட சட்டை. அனீஸ்தான். இளைச்சுட்டான்.

இங்க இருந்தே கூப்பிட்டுப் பாக்கட்டுமா. அவங்க அத்தா குரல்ல கூப்பிட்டா சட்டுனு திரும்புவான். “டேய் அனீஸ்... அனீஸு.” திரும்பலை. பக்கத்து டீக்கடைக்காரர் பாக்கறாரு. பாலக்காட்டார் குரல்ல கூப்பிட்டா எந்திரிச்சே நிப்பான். “மோனே, அனீஸே.” ஊஹும். இவ்வளவு கிட்ட இருந்து கத்தறேன், இவன் காதுக்கு இது கேக்காம இருக்காதுங்ணா. மிஷின் சத்தத்துலயா? நாலு மிஷினுக்கு நடுவுல ஊசி வளைஞ்சது கேக்கும் அவனுக்கு.

இருங்க. காதுல என்ன அது, வெள்ளையா. இந்தப் பக்கம் திரும்பறான். அந்தக் காதுலயும் இருக்கு.

பஞ்சு. ரெண்டு காதுலயும் பஞ்சு அடைச்சிருக்கான்ங்ணா.

அப்ப இங்க இருந்து கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. யாரு குரலா இருந்தாலும். பக்கத்துல போய்த் தோளைத் தொடணும். தொட்டா திரும்பிப் பாப்பான். பாத்தா நான்தான் இருப்பேன்.

காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்ணா. பஸ்ஸு எடுக்கறதுக்குள்ள இறங்கிக்கறேன்.